கரிசல் மண்ணில் ஒரு கால்பந்துக் கழகம்

"சாமி, பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து எதுக்கு?" என்னும் கேள்வி கடந்த சில ஆண்டுகளாக என் செவிகளில் அடிக்கடி விழுந்து வருகிறது. பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து நிதானமாகக் கேட்டோரும் உண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நிற்கையில் தாழ்ந்த குரலில் கேட்டோரும் உண்டு. கேட்டவர்களுள் எவரும் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். தம் மகளின் நல்வாழ்வை எண்ணி இரவில் உறக்கமின்றிக் கிடக்கும் தாய்மாரும் தந்தையருமே அவர்கள். ஆகவே அக்கேள்விக்கு அரைச் சொல்லில் விடை கூறி அவர்களை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் மதுரைக்குத் தெற்கே பிறந்த ஒரு கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை இங்கே எடுத்துரைத்து, அதன் வழியாக விடை தேட விழைகிறேன்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தோர் காரியாபட்டியை அறிவர். நகரின் எல்லையைக் கடந்ததும் நஞ்சையின் பசுமை மெல்ல மறைந்து, மானாவாரி நிலமும் சீமைக் கருவேலங் காடுமாகக் காட்சி மாறும். மழை பெய்தால் நடப்பவரின் காலைப் பிடித்து இழுக்கும், கோடை வந்தால் வெடித்துப் பிளக்கும் கரிசல் பூமி அது. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், மருத்துவத்துக்கும் மேற்படிப்புக்கும் நல்ல துணிமணி எடுப்பதற்கும் மதுரையையே நாடி வரும் வட்டாரம். அங்கே புல்லூரில் சேது தொழில்நுட்பக் கல்லூரி அமைந்துள்ளது. இஸ்லாமியச் சகோதரர்கள் தொடங்கி நடத்திவரும் கல்லூரி அது. அதன் தொடர்பிலே, சீனி மொகைதீன் அவர்களின் முயற்சியால், 2016ஆம் ஆண்டு உருவானதுதான் சேது கால்பந்துக் கழகம். மதுரையைத் தன் ஊராகக் கொண்டு, பெண்கள் ஆடும் அணியால் நாடெங்கும் பெயர் பெற்ற கழகம் இது.

அக்காலத்தில் இது துணிச்சலான செயல் என்றே சொல்ல வேண்டும். ஆண்களுக்குத் தேசிய அளவில் 2007 முதல் ஒரு லீக்கும், 2014 முதல் பெரும் பணம் புரளும் மற்றொரு லீக்கும் நடந்து வந்தன. பெண்களுக்கோ அப்படி ஒன்றும் இல்லை. இந்திய மகளிர் லீக் என்னும் போட்டி முதன்முறையாக நடந்தது 2016–17 பருவத்தில்தான். கட்டாக்கில் தொடங்கி டெல்லியில் முடிந்த அம்முதற் போட்டியில் மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் வெற்றி வாகை சூடியது. அடுத்த பருவம் 2018இல் ஷில்லாங்கில் நடைபெற்றபோது, களமிறங்கிய அணிகளுள் நம் சேதுவும் ஒன்று. பிறந்து இரண்டே ஆண்டுகள் ஆன கழகம், மேகாலய மலைகளின் குளிரில் நாட்டின் தலைசிறந்த அணிகளோடு பொருதியது.

அதற்கடுத்த ஆண்டே வெற்றி வந்தது. 2019 மே மாதம், பஞ்சாபின் லூதியானா நகரில் குருநானக் விளையாட்டரங்கில் லீக்கின் மூன்றாம் பருவம் நடந்தது. 22ஆம் தேதி நிகழ்ந்த இறுதி ஆட்டத்தில் சேது அணி மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என்ற கணக்கில் வென்று இந்தியாவின் மகளிர் சாம்பியன் ஆனது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் எத்தகைய கோட்டை என்பதை அறிந்தவர்களுக்கே இவ்வெற்றியின் பெருமை முழுமையாக விளங்கும். ஆனால் மறுநாள் 23ஆம் தேதி மக்களவைத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை. நாடே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்த நாள். கரிசல் காட்டுக் கழகமொன்று நாட்டை வென்ற செய்தி நம் தெருக்களில் பேசப்படாமலே போயிற்று. ஜல்லிக்கட்டுக் காளையொன்று பிடிபடாமல் ஓடினால் அதன் உரிமையாளர் பெயரை ஊரெல்லாம் சொல்லும் நம் மக்களுள் பலருக்கு, இக்கழகத்தின் பெயர் இன்றும் தெரியாது.

அவ்வணியில் யார் யார் இருந்தனர்? கேரளப் பெண்களும் வடகிழக்கு மாநிலப் பெண்களும் நம் தமிழ்ப் பெண்களும் அக்கழகத்தின் சட்டையை அணிந்துள்ளனர். நேபாள நாட்டு மலைக் கிராமத்தில் பிறந்த சாபித்ரா பண்டாரி லூதியானாவில் சேதுவுக்காகவே ஆடினார். பின்னாளில் அவர் பிரான்சு நாட்டின் முதல்நிலை மகளிர் லீக் வரை உயர்ந்தார். மொழியும் உணவும் வழிபாடும் வேறான பெண்கள் ஒரே விடுதியில் உண்டு, உறங்கி, ஒரே இலக்கை நோக்கி ஓடினர். சமய நல்லிணக்கம் குறித்து மேடைகளில் நாம் எவ்வளவோ பேசுகிறோம். இங்கே அச்சொல்லை எவரும் உச்சரிக்காமலே அது நடந்தேறியது.

தமிழ்ப் பெண்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் போன்று சேதுவுக்காக ஆடி, இந்திய நாட்டின் சட்டையையும் அணிந்தவர்கள் கடலூர் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். ஏன் கடலூர்? 2004 டிசம்பர் 26ஐ நம்முள் யார் மறக்கக் கூடும்? கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். திருக்குடும்ப விழா கொண்டாடிய ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் கடல் எழுந்து வந்து எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காகக் கடலூரில் அரசு காப்பகம் அமைந்தது. அங்கு வளர்ந்த சிறுமியருக்கும் அவ்வட்டாரத்து ஏழைச் சிறுமியருக்கும் மாரியப்பன் என்னும் பயிற்சியாளர் பந்தாடக் கற்றுக்கொடுத்தார். அழுது ஓய்ந்த கண்களுக்கு ஒரு பந்து எப்படி மருந்தாகும் என்று கேட்கலாம். ஆனால் அவ்வூரிலிருந்து ஒருவர் பின் ஒருவராக மாநில அணிக்கு வீராங்கனைகள் வந்தனர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரை 2–1 என வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாம் முறையும் அக்கோப்பை நம் மாநிலத்துக்கு வந்தது. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். காலையில் பந்தும் மாலையில் காக்கிச் சட்டையுமாக வாழும் அப்பெண்ணைப் பார்த்து, பந்து எதற்கு என்று எவரும் இப்போது கேட்பதில்லை.

வாசக அன்பர்களே, பெண்கள் கால்பந்து ஆடலாகாது என்ற எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியது என்று கருத வேண்டாம். இவ்விளையாட்டைத் தாய்நாடாகக் கொண்டாடும் இங்கிலாந்திலேயே இது நடந்திருக்கிறது. முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்ந்த பெண்கள் அணிகள் அமைத்து ஆடினர். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் அரங்கில், டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டத்தைக் காண 53,000 பேர் கூடினர். மறு ஆண்டு டிசம்பர் 5 அன்று அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், இவ்விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதன்று என அறிவித்து, தன் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. அத்தடை நீங்க ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின. நம் நாட்டிலோ 1975இல் லக்னோவில் பெண்களுக்கான தேசியப் போட்டி தொடங்கிவிட்டது. 1979ஆம் ஆண்டுக்குரிய ஆசிய மகளிர் போட்டி நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கோழிக்கோட்டில் நடந்தபோது இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பெற்றனர். ஆகவே நாம் பின்தங்கியவர்களாகத் தொடங்கவில்லை. நடுவில் நம் பெண்களைத் தாங்கிப் பிடிக்கக் கழகங்களும் மைதானங்களும் இல்லாமற் போனமையே குறை.

இனி, திருச்சபைக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர்க்கு இரு வரலாறுகளைக் கூறுகிறேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வறுமையின் காரணமாக அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த கத்தோலிக்கர் நெருக்கமான சந்துகளில் வாழ்ந்தனர். அவர்தம் குழந்தைகள் பசியால் வாடுவதைக் கண்ட மரிஸ்ட் சபைச் சகோதரர் வால்பிரிட், 1887 நவம்பர் 6 அன்று புனித மரியன்னை ஆலயத்தின் மன்றத்தில் மக்களைக் கூட்டி ஒரு கால்பந்துக் கழகத்தைத் தொடங்கினார். ஆட்டத்தில் கிடைக்கும் வருவாயைக் கொண்டு ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிப்பதே நோக்கம். உலகம் அறிந்த செல்டிக் கழகம் அதுவே. மற்றொன்று அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் நிகழ்ந்தது. தெருவில் பந்தாடிய சிறுவன் ஒருவன் டிராம் வண்டியில் அடிபடாமல் மயிரிழையில் தப்பியதைக் கண்ட சலேசிய சபைக் குரு லொரென்சோ மாஸா, சிறுவர்களை அழைத்து ஆலய வளாகத்திலேயே ஆட இடம் கொடுத்தார். ஞாயிறு திருப்பலிக்கு வர வேண்டும் என்பது மட்டுமே அவர் விதித்த நிபந்தனை. 1908இல் பிறந்த சான் லொரென்சோ கழகம் அதன் கனி. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சிறுவயது முதலே அக்கழகத்தின் அன்பர். 2014இல் அது தென்னமெரிக்காவின் சாம்பியன் ஆனபோது கோப்பையை வத்திக்கானுக்கே எடுத்துச் சென்று அவரிடம் காட்டினர். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இளமையில் தம் ஊராகிய வாடோவிசேயில் கோல் காவலராக நின்றவர். ஓட்டப் பந்தயத்தில் ஓடுவோரின் கட்டுப்பாட்டை விசுவாச வாழ்வுக்கு எடுத்துக்காட்டாகக் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிக் காட்டியவர் பவுலடியார் அன்றோ?

என் பங்கும் இச்சமவெளியில் உள்ள ஒரு சிற்றூர்தான். ஆலயத்துக்குப் பின்னே ஒரு திடல். இருபுறமும் சவுக்குக் கம்புகளை நட்டுக் கோல் அமைத்திருக்கிறோம். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை ஒருவரும் கன்னியர் இல்லத்துச் சகோதரி ஒருவரும் பொறுப்பேற்று நடத்த, காலை ஆறு மணிக்குச் சிறுமியர் ஆடுகின்றனர். கருவேல முள் தைத்துப் பந்து காற்றிறங்குவது அன்றாட நிகழ்ச்சி. சைக்கிள் கடைக்காரர் காசு வாங்காமல் ஒட்டுப் போட்டுத் தருகிறார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். இச்சிறுமியருள் ஒருத்திக்கு, பதினொன்றாம் வகுப்புப் படிக்கையில், வெளியூரில் தங்கிப் பயிற்சி பெறும் வாய்ப்பு வந்தது. அதே வாரத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் வீட்டில் தொடங்கியது.

தந்தை சுமை தூக்கும் தொழிலாளி. நான் சென்றபோது பாயை விரித்து அமரச் சொன்னார். பதினெட்டு வயது நிறையாமல் திருமணம் கூடாது என்பதை நான் சொல்லும் முன்னரே அவர் அறிந்திருந்தார். "பேசி மட்டும் வச்சிருப்போம்னுதான் சாமி. ஆனா பந்தாடப் போறவளை நாளைக்கு எவன் கட்டுவான்? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்களே" என்றார். அவர் குரலில் சினம் இல்லை, அச்சமே இருந்தது. நான் விடை சொல்லத் தொடங்குமுன், மூலையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி தலை நிமிராமலே பேசினார்: "நாங்க காட்டுல வெறகு வெட்டிக் கட்டு சொமந்துக்கிட்டு, பஸ்ஸப் பிடிக்க ஓடுன ஓட்டத்த யாரும் தப்புன்னு சொல்லலையேப்பா. இவ பந்துக்குப் பின்னால ஓடுனா மட்டுந்தான் தப்பா?" அதற்குமேல் அவ்வீட்டில் எனக்கு வேலை இருக்கவில்லை. அப்பெண் சென்றாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியிலும் இடம் பெற்றுப் பட்டப்படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறாள். அவளினும் சிறப்பாக ஆடிய மற்றொருத்தியின் வீட்டிலோ என் சொல் எடுபடவில்லை. பதினெட்டு முடிந்த மூன்றாம் மாதம் அவள் திருமணத்தை நானே நடத்தி வைத்தேன். இன்று தன் இரண்டு வயது மகளை இடுப்பில் சுமந்து அவள் திடலோரம் வந்து நின்று ஆட்டத்தைப் பார்க்கிறாள். பந்து எல்லை தாண்டி வரும்போது அவள் அதைத் திருப்பி உதைக்கும் அழகைப் பார்ப்போர், அவள் எத்தகைய ஆட்டக்காரி என்பதை ஒரு நொடியில் அறிந்துகொள்வர்.

வெற்றியை மட்டும் சொல்லித் தோல்வியை மறைத்தால் வரலாறு முழுமை பெறாது. 2022 மே 26 அன்று புவனேஸ்வரத்தில் லீக்கின் கடைசி ஆட்டம். அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோல்வி காணாத இரு அணிகளாகச் சேதுவும் கேரளத்தின் கோகுலமும் மோதின. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சேது முதல் கோலைப் போட்டது. எனினும் கோகுலம் மூன்று கோல்களைத் திருப்பியடித்து 3–1 என வென்றது. சேதுவுக்கு இரண்டாம் இடமே கிட்டியது. அன்று சேதுவின் பயிற்சியாளராக இருந்தவர் டார்ஜிலிங் மலைப்பகுதியைச் சேர்ந்த கிறிஸ்பின் செத்ரி. தோற்ற அணியின் ஓரத்தில் நின்ற அவரே பின்னர் இந்திய மகளிர் அணியின் பயிற்சியாளரானார். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்தியா அந்நாட்டை 2–1 என வென்று, தகுதிச் சுற்றில் ஆடி ஆசியக் கோப்பைக்குத் தேர்வு பெற்ற முதல் இந்திய மகளிர் அணி என்ற சிறப்பைப் பெற்றது. தோல்விக்குப் பின் மறுநாள் காலையில் மீண்டும் திடலுக்கு வரக் கற்றவர்களே இத்தகைய நாளைக் காண்கின்றனர். அப்பாடத்தை நான் மறையுரையில் எத்தனை முறை சொன்னாலும், ஒரு சிறுமி 0–5 என்று தோற்ற மறுநாள் காலணியைக் கட்டுகையில் கற்பதற்கு அது ஈடாகாது.

இப்போது எங்கள் பங்குப் பேரவையின் முன் ஒரு கேள்வி நிற்கிறது. அத்திடலில் திருமண மண்டபம் கட்டலாம் என்று உறுப்பினர் சிலர் கருதுகின்றனர். அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. நகரத்து மண்டபங்களின் வாடகையைக் கொடுத்துக் கடனாளியாகும் ஏழைக் குடும்பங்களை நான் நன்கறிவேன். பங்கின் செலவுக்கும் ஒரு நிலையான வருவாய் தேவை. ஆயினும் சில கணக்குகளை அன்பர்கள் முன் வைக்கிறேன். தபசுகாலத்திலும் திருவருகைக் காலத்திலும் நம்மவர் திருமணம் வைப்பதில்லை. எஞ்சிய மாதங்களிலும் முகூர்த்த நாள்கள் எத்தனை? மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்காக, ஆண்டு முழுவதும் காலையும் மாலையும் பிள்ளைகளால் நிறையும் இடத்தை இழக்க வேண்டுமா? பழைய மறைக்கல்வி மன்றத்தின் மேல் மாடி எழுப்பினால் சிறு மண்டபம் ஒன்று அமையும் என்பது என் எண்ணம். செலவு சற்றுக் கூடலாம். ஆனால் மண்டபத்தை எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். ஒருமுறை கட்டடம் எழுந்த இடத்தில் திடல் மீண்டும் பிறப்பதில்லை. அடுத்த மாதம் பேரவை கூடுகிறது. அதற்கு முன் ஒவ்வோர் அன்பியத்திலும், குறிப்பாகப் பெண்களிடம், இதனைக் கலந்து பேசும்படி கேட்டிருக்கிறேன்.

வானதூதரின் செய்தியைக் கேட்டதும் நாசரேத்தூர்க் கன்னிப் பெண் வீட்டு மூலையில் ஒடுங்கி அமரவில்லை. யூதேயா மலைநாட்டை நோக்கி, பல நாள் நடைப்பயணத்துக்கு, விரைந்து புறப்பட்டாள். திடமான கால்களும் அஞ்சாத நெஞ்சமும் நம் அன்னைக்கு இருந்தன என்பதை மாதா மன்றாட்டு மாலை சொல்லும் நம் குடும்பங்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும். எல்லாப் பெண்களும் நாட்டுக்காக ஆடப் போவதில்லை. ஆயினும் ஓடிப் பழகியவள் நோயின் முன்னும் துன்பத்தின் முன்னும் எளிதில் தளரமாட்டாள். தோழிக்குப் பந்தைக் கொடுத்துப் பழகியவள் நாளைத் தன் இல்லத்திலும் பகிர்ந்து வாழ்வாள்.

ஆகவே தந்தையரிடம் ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் ஆடும் திடல் இருப்பின், ஒரு காலையில் தேநீர்க் கடைக்குப் போகும் வழியில் பத்து நிமிடம் அதன் ஓரம் நில்லுங்கள். உங்கள் மகள் பந்தோடு ஓடுகையில் அவள் முகத்தைப் பாருங்கள். பின்னர் வீட்டில் மனைவியோடும் தாயாரோடும் கலந்து பேசி முடிவு செய்யுங்கள். நம் பிள்ளைகளின் கால்களை உறுதிப்படுத்தி, அவர்கள் செல்லும் வழிகளை எல்லாம் இறைவன் காத்தருள்வாராக.